நெக்ஸ்ட் ஃப்ரைடே என்றால் எந்த வெள்ளி?

நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எண்ணிப் பாருங்கள்: ஏப்ரலில் 16 நாள், மே முழுக்க 31, ஜூனில் 14. கூட்டினால் 61. அறிவிப்பிலும் 61 நாள் என்றே இருக்கும். ஆக ஏப்ரல் 15-ம் தடை, ஜூன் 14-ம் தடை. இரண்டு ஓரமும் உள்ளே. முன்பு 45 நாள் தடை இருந்த காலத்தில் அது மே 29-இல் முடிந்ததும் இதே கணக்கில்தான். தேதியோடு நாள் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதினால் கிடைக்கும் லாபம் இது. 'வரை' என்பதில் கடைசி நாள் சேருமா சேராதா என்ற வழக்கை அந்த 61 என்ற எண்ணே தீர்த்துவைக்கும்.

அதே செய்தி ஆங்கிலத்தில் 'டில் ஜூன் 14' என்று மட்டும் வந்தால் வழக்கு தீராது. 'ஷாப் க்ளோஸ்டு அன்டில் மண்டே' என்று பலகை தொங்கினால் திங்கள்கிழமை கடை திறந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறோம். 'ஆன் லீவ் டில் மண்டே' என்று ஒருவர் எழுதினால் திங்களும் அவர் வரமாட்டார் என்றுதான் நம்மில் பாதிப்பேர் நினைப்போம். சொல் ஒன்றுதான், ஓரம் மட்டும் இடம் மாறுகிறது. 'மிட்நைட் ஆன் ஜூன் 14' இன்னும் மோசம். ராமேசுவரம் ஜெட்டியில் நிற்கிறவருக்கு அது 14-ஆம் தேதிப் பகல் முடிந்து வரும் ராத்திரி. கணினிக்கோ 14-ஆம் தேதியின் 00:00, அதாவது 13 ராத்திரி. நடுவே ஒரு முழு நாள் கிடக்கிறது. ஐஸ் ஏற்றி, டீசல் பிடித்து, ஆள் கூட்டிவைத்திருக்கும் படகுக்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆங்கிலத்தில் நாள், நேரம் சொல்லும் சொற்கள் பலவும் இப்படிக் காலை வாருகின்றன. நம் ஆங்கிலம் சரியில்லை என்பதால் வரும் கோளாறு என்று பலரும் நினைக்கிறார்கள். லண்டன்காரரும் நியூயார்க்காரரும் கூட இதே சொற்களில் ஒருவரையொருவர் தவறவிடுகிறார்கள். எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது, எந்த ஓரம் உள்ளே, எது வெளியே என்பதை அந்தச் சொற்கள் சொல்வதே இல்லை. கேட்பவர் தன் மனதில் இருக்கும் தொடக்கத்தை அதில் பொருத்திக்கொள்கிறார்.

நம் கரையில் அந்தத் தொடக்கமே பலவிதம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் நாள் மஃரிபோடு, அதாவது பொழுது அடைந்ததும் வரும் தொழுகை நேரத்தோடு, பிறக்கிறது. அங்கே பெரியவர்கள் வாயில் 'வெள்ளி இரவு' என்றால் வியாழன் பொழுது சாய்ந்து வரும் ராத்திரி. பஞ்சாங்கம் பார்க்கிறவருக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். வெள்ளி விடிவதற்கு முன் மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகத்தில் வியாழக்கிழமைதான். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் சனிக்கிழமை மாலைப் பூசை கண்டவருக்கு ஞாயிறு பூசைக் கடமை தீர்ந்தது. சர்க்காருக்கு ராத்திரி 12. மழையை அளக்கிறவருக்குக் காலை 8:30. அதைப் பிறகு சொல்கிறேன். ஒரே ஊரில் இத்தனை 'இன்று' இருக்கும்போது வாட்ஸ்அப்பில் 'ஃப்ரைடே நைட் கார் வேணும்' என்று மொட்டையாக ஒரு வரி வந்தால் டிரைவர் எந்த ராத்திரி வண்டியை எடுப்பது?

பெயர்பெற்ற குழப்பம் 'நெக்ஸ்ட் ஃப்ரைடே'. 2026 ஜூன் 10, புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே லோடு அனுப்புங்க' என்று மெயில் வருகிறது. 12-ஆ, 19-ஆ? ஒரு கூட்டம் 12 என்று சத்தியம் செய்யும், இன்னொரு கூட்டம் 19 என்று. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ரயிலில் மண்டபம் தாண்டியதும் 'நெக்ஸ்ட் ஸ்டேஷன் எது' என்றால் பாம்பன்தான். ராமேசுவரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்த வீடு என்றால் ஒட்டிய வீடு. அந்த வழியில் போனால் நெக்ஸ்ட் ஃப்ரைடே என்பது முதலில் வரும் வெள்ளி, 12. ஆனால் ஸ்டேஷனுக்கு இல்லாத ஒரு போட்டி வெள்ளிக்கு உண்டு: 'திஸ் ஃப்ரைடே'. நடக்கிற வாரத்து வெள்ளியை 'திஸ்' பிடித்துக்கொண்டதால் 'நெக்ஸ்ட்' ஒரு வாரம் தள்ளி 19-க்குப் போய்விடுகிறது. இதற்கு இலக்கணத்தில் தீர்ப்பு தேடிப் பயனில்லை.

கவனித்துப் பார்த்தால் ஒரு சாய்வு மட்டும் தெரியும். குறிப்பிடும் நாள் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு 'நெக்ஸ்ட்' தள்ளிப் போகும். திங்கள்கிழமை உட்கார்ந்துகொண்டு 'நெக்ஸ்ட் ட்யூஸ்டே' என்றால் நாளையைத்தான் சொல்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. நாளைக்கு 'டுமாரோ' என்ற சொல் இருக்கிறதே. திங்களன்று 'நெக்ஸ்ட் சாட்டர்டே' என்றால்தான் மண்டை காயும். சனி, ஞாயிறில் சொல்லும்போது வாரம் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வியும் கூடவே ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டு மாதக் காலண்டரில் முதல் கட்டம் ஞாயிறு. ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரத்தில் முதல் நாள் திங்கள். ஞாயிறன்று 'திஸ் வீக் முடிச்சுடுறேன்' என்று ஒருவர் சொன்னால் முதல் காலண்டர்படி இன்னும் ஆறு நாள் இருக்கிறது, இரண்டாவதன்படி இன்று ராத்திரியோடு கெடு முடிந்தது.

தமிழில் 'வர்ற வெள்ளி' என்றொரு அருமையான சொல் இருக்கிறது. வந்துகொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான் என்பதால் அதில் தகராறு குறைவு. 'அடுத்த வெள்ளி' மட்டும் ஆங்கிலத்து நெக்ஸ்ட் போலவே ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஆங்கிலத்தில் வர்ற வெள்ளிக்குக் கிட்டத்தில் நிற்பது 'திஸ் கமிங் ஃப்ரைடே'. பிரிட்டிஷ்காரர் 'ஃப்ரைடே வீக்' என்று எழுதினால் வருகிற வெள்ளிக்கு ஒரு வாரம் கழித்து வரும் வெள்ளி. 10-ஆம் தேதி சொன்னால் சந்தேகமில்லாமல் 19. இது தெரியாதவர்கள் அதை ஏதோ வெள்ளிக்கிழமை வாரம் என்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

வாரக் கடைசி என்று வந்தால் வளைகுடாவை விட்டுவிட முடியாது. நம் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு அங்கிருந்துதான் சம்பளச் செய்தி வருகிறது. சவூதியில் 2013 முதல் வார விடுமுறை வெள்ளி, சனி; வேலை வாரம் ஞாயிறில் தொடங்கும். குவைத், கத்தார், ஓமனிலும் வெள்ளி, சனி. அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறியது, வெள்ளி அரை நாள். சார்ஜாவில் மட்டும் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள் விடுமுறை. 'எண்டு ஆஃப் தி வீக் பேப்பர் ரெடி' என்று ரியாத்திலிருந்து ஒரு வரி வந்தால் அது வியாழன். துபாயிலிருந்து வந்தால் வெள்ளி. இங்கே இருப்பவர் சனி என்று நினைத்துக்கொண்டு சனி மதியம் போன் போட்டால் இரண்டு ஊரிலும் ஆள் இருக்கமாட்டார். 'த்ரீ வொர்க்கிங் டேஸ்' என்ற கெடுவும் இப்படித்தான். புதன்கிழமை கொடுத்த காகிதம், கொடுத்த நாளை விட்டு எண்ணினால், ரியாத்தில் வியாழன், ஞாயிறு, திங்கள் என்று போய் திங்களன்று முடியும். துபாயிலும் வியாழன், வெள்ளி, திங்கள், அதே திங்கள். வியாழன் கொடுத்தால் ரியாத்தில் ஞாயிறு, திங்கள், செவ்வாய்; துபாயில் வெள்ளி, திங்கள், செவ்வாய். கடைசி நாள் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ஆனால் எந்த நாளில் போன் போட்டால் எடுப்பார்கள் என்பது வேறு.

'மூவ்டு ஃபார்வர்டு' என்பது தனிக் கதை. 'நெக்ஸ்ட் வெட்னஸ்டே மீட்டிங் ஹாஸ் பீன் மூவ்டு ஃபார்வர்டு டூ டேஸ்.' இப்போது மீட்டிங் எந்தக் கிழமை? இதை ஆராய்ச்சிக் கேள்வியாகவே கேட்டிருக்கிறார்கள். லெரா போரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்கரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியானவர்களே ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்தார்கள்: ஒரு பாதி திங்கள், ஒரு பாதி வெள்ளி. விமான நிலையத்தில் கேட்டபோது, யாரையோ அழைத்துப்போக வந்து காத்திருந்தவர்களைவிட, விமானத்திலிருந்து அப்போதுதான் இறங்கியவர்கள் அதிகமாக வெள்ளி என்றார்கள். காலத்துக்குள் நாம் நடந்து போவதாக நினைத்தால் முன்னால் என்பது நாம் போகும் திசை, வெள்ளி. நாம் நிற்க, காலம் நம்மை நோக்கி வருவதாக நினைத்தால் முன்னால் என்பது நம் பக்கம், திங்கள்.

தமிழ்க் காதுக்கு இது பெரும்பாலும் திங்கள் என்றே விழும் என்பது என் கணிப்பு. காலத்தைப் பேசும்போது 'முன்' என்றால் நமக்குக் கழிந்தது: முன்னோர், முன்பு, ரெண்டு நாள் முன்னாடி. 'கல்யாணத்தை முன்னாடி வச்சுட்டாங்க' என்றால் தேதி சீக்கிரமாகிவிட்டது. ஆகவே ஃபார்வர்டு என்று கேட்டதும் 'முன்னாடி' என்று மொழிபெயர்த்து இரண்டு நாள் முந்திப் போய் நிற்போம். எழுதியவர் வெள்ளியை நினைத்திருந்தால் அந்தத் திங்களில் நாம் மட்டும் ஆளில்லாத அறையில் உட்கார்ந்திருப்போம். 'புஷ்டு பேக்' என்பதைப் பெரும்பாலோர் தள்ளிப்போனதாகவே எடுக்கிறார்கள், ஆனாலும் நூற்றுக்கு நூறு நம்ப முடியாது. இந்திய ஆங்கிலத்தில் புழங்கும் 'ப்ரீபோன்' என்ற சொல்லைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சேர்த்துக்கொண்ட சொல் அது; போஸ்ட்போனுக்கு நேர் எதிர், இரண்டாவது பொருளுக்கு இடமில்லை. ஃபார்வர்டைவிட எத்தனையோ மேல். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அது புரியாமல் போகலாம் என்றால் 'எர்லியர்', 'லேட்டர்' என்ற இரண்டு எளிய சொற்கள் இருக்கின்றன.

'ஆஃப்டர் டூ டேஸ்' நம் ஊர் ஆங்கிலத்தின் தனிச்சொத்து. 'ரெண்டு நாள் கழிச்சு' என்பதை அப்படியே ஆக்கியது. புதனன்று சொன்னால் வெள்ளியா, நடுவில் இரண்டு முழு நாள் விட்டுச் சனியா? 'இன் டூ டேஸ்' என்றால் வெள்ளி. 'விதின் டூ டேஸ்' என்றால் வெள்ளிக்குள் எப்போது வேண்டுமானாலும். தமிழில் 'மூணாம் நாள்' எண்ணும்போது முதல் நாளையும் சேர்த்து எண்ணுகிறோம். திங்களிலிருந்து மூணாம் நாள் புதன். 'த்ரீ டேஸ் லேட்டர்' வியாழன். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்கு வர லீவு கேட்டு மெயில் எழுதுகிறவர் 'ஆஃப்டர் 16 டேஸ்' என்று எழுதினால் ஒரு நாள் தப்பாகிவிடும். 'ஃபோர்ட்நைட்' என்பது 14 ராத்திரி. நாம் அதைப் 'பதினஞ்சு நாள்' என்கிறோம், அதே கிழமையைத்தான் குறிக்கிறோம், ஏனென்றால் இரண்டு ஓரத்தையும் எண்ணிவிடுகிறோம். சொல்லளவில் பிழையில்லை. 'எவ்ரி 15 டேஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் முறைக்கு முறை ஒரு கிழமை நகர்ந்துகொண்டே போகும்.

சட்டம் இந்த ஓரத் தகராறை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறது. 1897-ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டம் 9-ஆம் பிரிவுப்படி மத்தியச் சட்டங்களில் 'ஃப்ரம்' என்று போட்டால் முதல் நாள் வெளியே, 'டு' என்று போட்டால் கடைசி நாள் உள்ளே. ஜூன் 1 தேதியிட்ட உத்தரவுக்கு அந்தத் தேதியிலிருந்து 30 நாள் என்றால் ஜூன் 2-ஐ ஒன்று என்று எண்ணத் தொடங்கி ஜூலை 1-இல் முடிக்க வேண்டும். 10-ஆம் பிரிவு, கடைசி நாளன்று அந்த அலுவலகம் மூடியிருந்தால் திறக்கும் அடுத்த நாளில் செய்யலாம் என்கிறது. இது சட்டத்துக்கு. தனியார் மெயிலில் இந்தப் பாதுகாப்பை எதிர்பார்த்து உட்காரக்கூடாது. 'பை ஜூன் 10' என்றால் 10-ம் சேர்த்தி, 'பிஃபோர் ஜூன் 10' என்றால் 9-க்குள். இதுவே பொது வழக்கம் என்றாலும், 10 அன்று எத்தனை மணிவரை என்பது அதிலும் இல்லை.

இனி மழைக்கும் காற்றுக்கும் வருவோம். இந்தக் கரையில் உயிரோடு விளையாடும் சொற்கள் அங்கேதான் இருக்கின்றன.

வானிலைத் துறையின் மழைக்கணக்கு நாள் காலை 8:30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8:30-க்கு முடிகிறது. 21-ஆம் தேதியின் மழை என்று பட்டியலில் இருப்பது, 20 காலை 8:30 முதல் 21 காலை 8:30 வரை பெய்தது. 2024 நவம்பர் 20 பகலில் ராமேசுவரம், பாம்பன் பக்கம் கொட்டிய பேய்மழை அந்தக் கணக்கில் 21 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில்தான் சேரும். 'நேத்து மழை கொட்டுச்சு, நேத்துத் தேதியில ஒண்ணுமே காட்டலையே' என்று கோபப்படுகிறவர்கள் ஒரு கட்டம் தள்ளிப் பார்க்க வேண்டும். முன்னறிவிப்பிலும் 'டே 1' என்பது அறிக்கை வெளியான நேரத்திலிருந்து மறுநாள் காலை 8:30 வரை. நாளைக் காலை எட்டு மணி அவர்கள் கணக்கில் இன்னும் முதல் நாள்தான்.

'நெக்ஸ்ட் 24 ஹவர்ஸ்' என்பதைப் படிக்கும் நேரத்திலிருந்து எண்ணக்கூடாது. அறிக்கையின் தலையில் தேதியும் நேரமும் இருக்கும், எண்ணிக்கை அங்கிருந்து. மதியம் வந்த அறிக்கை கைமாறிக் கைமாறி ராத்திரி பத்து மணிக்கு ஜெட்டிக்கு வந்தால் அதில் பத்து மணி நேரம் ஏற்கெனவே தீர்ந்திருக்கலாம். புயல் அறிக்கைகளில் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரமும் வரும். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். 0300 யு.டி.சி. நமக்குக் காலை 8:30, 1200 யு.டி.சி. மாலை 5:30. யு.டி.சி. 18:30-ஐத் தாண்டியதும் நமக்குத் தேதியே மாறிவிடும்: 22-ஆம் தேதி 2100 யு.டி.சி. என்பது நமக்கு 23 விடியக்காலை 2:30. மணியைக் கூட்டிவிட்டுத் தேதியை மாற்ற மறப்பதுதான் வழக்கமான தவறு.

'எர்லி ஹவர்ஸ் ஆஃப் 23' என்றால் 22 படுத்து விழிக்கும் முன். பேச்சுத் தமிழில் அதை '22 ராத்திரி' என்போம். தனுஷ்கோடியை அழித்த புயலின் தேதியை 1964 டிசம்பர் 22 என்றும் 23 என்றும் இரண்டு விதமாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டு கூட்டமும் ஒரே ராத்திரியைத்தான் சொல்கிறது. '22-23 இரவு' என்று எழுதுகிறவர்கள் மட்டும் சரியாக எழுதுகிறார்கள். அந்த வடிவம் எல்லா ராத்திரிச் செய்திக்கும் நல்லது. 'ஃப்ரைடே நைட்' என்று எழுதுவதற்குப் பதில் '12-13 இரவு' என்று போட்டால் மஃரிபில் எண்ணுகிறவரும் உதயத்தில் எண்ணுகிறவரும் ஒரே ராத்திரியில் வந்து நிற்பார்கள்.

ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்கோயிஸ் விடுக்கும் உயர் அலை எச்சரிக்கை இந்த விஷயத்தில் பார்த்துப் படிக்க வேண்டிய மாதிரி. எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எந்தத் தேதி எத்தனை மணிவரை, 24 மணி நேரக் கணக்கில், எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை என்று போட்டிருப்பார்கள். அதை வாட்ஸ்அப்பில் சுருக்கி 'நாளைக்கு அலை அதிகம், போகாதீங்க' என்று அனுப்புகிறவர்தான் கெடுக்கிறார். 'நாளைக்கு' என்ற சொல் அனுப்பிய ராத்திரி மட்டுமே உண்மை. மூன்றாம் நாள் வேறொரு குழுவில் அதே வரி முளைக்கும். அங்கே அது இன்னொரு நாளை. இப்படி இரண்டு தடவை பொய்யான எச்சரிக்கையை மூன்றாவது தடவை யாரும் மதிப்பதில்லை.

படகு நாளிலும் சின்னச் சிக்கல் உண்டு. ராமேசுவரத்தில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. இதை ஆங்கிலத்தில் 'ஆல்டர்நேட் டேஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். புதனுக்கும் சனிக்கும் நடுவே இரண்டு நாள் இருப்பது அதில் தெரியாது. திங்கள் டோக்கன் வாங்கிப் போன படகு செவ்வாய்தான் கரைக்கு வரும். 'மண்டே கேட்ச்' என்று கம்பெனி கேட்டால் பிடித்த நாளா, இறக்கிய நாளா? பெட்டிமேல் தேதி ஒட்டுகிறவர் இறக்கிய தேதியைப் போட, வாங்குகிறவர் பிடித்த தேதி என்று படித்தால், சரக்கின் வயதில் ஒரு நாள் காணாமல் போகும். இரண்டையும் தனித்தனியாகப் போடுவதற்கு இன்னொரு வரி இடம்தான் தேவை.

ரயிலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் 00:00-க்கும் 04:00-க்கும் நடுவில். டிக்கெட்டில் 15-ஆம் தேதி, 00:20 என்று இருந்தால் 14-ஆம் தேதி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். '15 ராத்திரி வண்டி' என்று மனதில் போட்டவர் மறுநாள் ராத்திரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். தட்கலில் இன்னொரு முடிச்சு. பயணத்துக்கு முந்தின நாள் ஏ.சி. வகுப்புக்கு 10 மணிக்கும் மற்றதற்கு 11 மணிக்கும் திறக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த 'முந்தின நாள்' கணக்கு, வண்டி தன் முதல் ஸ்டேஷனிலிருந்து புறப்படும் தேதியை வைத்து. 14 ராத்திரி எங்கிருந்தோ புறப்பட்டு 15 நள்ளிரவு தாண்டி உங்கள் ஸ்டேஷனுக்கு வரும் வண்டிக்குத் தட்கல் திறப்பது 13-ஆம் தேதி. 14 காலையில் உட்கார்ந்தால் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும்.

'12 ஏ.எம்.', '12 பி.எம்.' பற்றிப் பேசியே தீர வேண்டும். ஏ.எம். என்றால் உச்சிக்கு முன், பி.எம். என்றால் உச்சிக்குப் பின். உச்சியே 12 என்றால் அது இரண்டிலும் சேராது. கடிகாரங்களில் 12 பி.எம். பகல் என்று வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் கூட இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டு 'நூன்', 'மிட்நைட்' என்று எழுதச் சொல்கிறது; மிட்நைட்டிலும் தேதிச் சந்தேகம் வந்தால் 11:59 அல்லது 12:01 என்று போடச் சொல்கிறது. நம் அரசுத் தேர்வு விண்ணப்பங்களில் கடைசி நேரம் 11:59 பி.எம். என்றிருப்பதும் இதற்குத்தான். தமிழில் 'பகல் 12', 'இரவு 12' என்று எழுதினால் வேலை முடிந்தது.

'ஹாஃப் எய்ட்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் எட்டரை. ஜெர்மன்காரர் தன் மொழியில் அதே மாதிரி சொன்னால் ஏழரை. அமெரிக்கர் 'க்வார்ட்டர் ஆஃப் செவன்' என்றால் ஆறே முக்கால்.

'பை' ஒட்டிய சொற்களில் அகராதியே கைவிரித்துவிடும். 'பைவீக்லி' வாரம் இருமுறையா, இரு வாரத்துக்கு ஒருமுறையா? இரண்டும் என்கிறது அகராதி. நம் நாட்டிலேயே ரயில்வேயின் பைவீக்லி எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாள் ஓடும் வண்டி. ரிசர்வ் வங்கியின் பைமன்த்லி நிதிக்கொள்கை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. ஒன்றில் பை பெருக்குகிறது, இன்னொன்றில் வகுக்கிறது. 'ட்வைஸ் எ வீக்', 'ஒன்ஸ் இன் டூ மன்த்ஸ்' என்று எழுதுவதில் யாருக்கும் கௌரவக் குறைவில்லை. வீட்டுக் கரண்டு பில்லைப் பற்றி நாம் பேசுவதும் அப்படித்தான்.

எண்ணாக எழுதிய தேதிக்கு நம் பாலமே உதாரணம். புதிய பாம்பன் பாலம் திறந்தது 06/04/2025. நமக்கு ஏப்ரல் 6, அமெரிக்கருக்கு ஜூன் 4. பழைய பாலம் 24/02/1914. அதில் குழப்பமே வராது, 24-ஆவது மாதம் கிடையாது. ஆண்டில் 132 தேதிகள் இப்படி இரண்டு விதமாகப் படிக்க இடம் தரும்: 12 மாதத்திலும் முதல் 12 நாள், அதில் 5/5 மாதிரி இரு பக்கமும் ஒன்றாக வரும் 12-ஐக் கழித்தால் வருவது. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். கிழமையையும் போட்டால் காவல் இரட்டிப்பு: 2025 ஏப்ரல் 6 ஞாயிறு, ஜூன் 4 புதன். இரண்டில் ஒன்று தட்டச்சில் பிசகினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

நண்டு, இறால் ஏற்றுமதி பார்க்கிறவர்களுக்கு 'ஈ.ஓ.டி. ஃப்ரைடே', அதாவது 'எண்டு ஆஃப் டே ஃப்ரைடே', தினசரி வந்து விழும். யாருடைய நாளின் முடிவு? நியூயார்க்கின் வெள்ளி மாலை 5 மணி நமக்குச் சனி விடியக்காலை 3:30. அங்கே கோடைக்காலக் கணக்கில் 2:30. மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறுவரை அவர்கள் கடிகாரம் ஒரு மணி முன்னே இருக்கும். அந்த மாதங்களிலும் பழக்கத்தில், குளிர்கால நேரத்துக்கு உரிய 'இ.எஸ்.டி.' என்றே எழுதுவார்கள். எழுத்தைப் பிடித்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் பிசகும். தோக்கியோக்காரர் காலை 9 மணி என்றால் நமக்கு 5:30. 'ஐ.எஸ்.டி.' என்று எழுதுவதிலும் நிம்மதியில்லை: அயர்லாந்தும் இஸ்ரேலும் அதே மூன்றெழுத்தை வைத்திருக்கின்றன. 'இந்திய நேரம்' என்று ஊர் பெயர் சொல்லி எழுதுவது மேல். கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னாரில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை, கடிகாரம் ஒன்றேதான்.

சந்தேகம் வந்தால் கேட்கும் விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'நெக்ஸ்ட் ஃப்ரைடேதானே?' என்று கேட்டால் 12-ஐ நினைத்தவரும் ஆமாம் என்பார், 19-ஐ நினைத்தவரும் ஆமாம் என்பார். 'பன்னெண்டா, பத்தொன்பதா?' என்று கேளுங்கள். ஆமாம் என்று பதில் சொல்ல வழியே இருக்காது.

கீழக்கரையிலிருந்து திருச்சி போய் விமானம் ஏறுகிறவருக்குக் கார் சொல்ல வேண்டுமென்றால் இப்படி எழுதலாம்: 'விமானம் 2026 ஜூன் 19 வெள்ளி 02:15. கார் கீழக்கரையில் கிளம்புவது ஜூன் 18 வியாழன் சாயங்காலம் 6:00. பயணம் 18-19 இரவு.' சொன்ன நேரத்தில் கிளம்பினால் தேவிபட்டினம் வரும்போது பொழுது அடைந்திருக்கும். பின்சீட்டில் இருக்கும் பெரியவருக்கு வெள்ளி அப்போதே பிறந்துவிடும். டிரைவருக்கு இன்னும் வியாழன்தான்.